லேசர் கிடையாது என்ற பிறகு

ஜூலை 14, திங்கள்

கச்சான் காற்று, மேற்கிலிருந்து. தெருமண் முழுக்க வீட்டுக்குள். ஜன்னலைச் சாத்தியும் தலையணையில் மணல்.

கண்ணைக் கசக்கக் கூடாது. இன்று பல முறை கை தானாக மேலே போனது. பிடித்து இறக்கினேன். வேறு யாருடைய கையோ போல இருந்தது.

போன சனிக்கிழமை திருநெல்வேலி கண் ஆஸ்பத்திரி. எழுதினால் உறுதியாகிவிடும் என்று தள்ளிப்போட்டேன். தள்ளிப்போட்டும் உறுதியாகத்தான் இருக்கிறது.

லேசர் செய்யப் போனேன். எங்கள் தெருவில் கப்பலுக்குப் போகிற எல்லாரும் செய்வது. கண்ணில் பவர் வந்தால் லேசர். பிறகு மெடிக்கல், கப்பலுக்கான உடல்தகுதிச் சோதனை. பிறகு டெக், கப்பலின் மேல்தட்டு வேலை. காய்ச்சலுக்கு ஊசி போடுவது மாதிரி, யாரும் யோசிப்பதில்லை.

வளையம் வளையமாக வெளிச்சம் காட்டும் ஒரு மெஷின். அடுத்த அறையில் இன்னொன்று. மறுபடியும் முதல் மெஷின்.

டாக்டரம்மா திரையை என் பக்கம் திருப்பினார். என் கண்ணின் வரைபடம். மேலே பச்சை, நீலம். கீழே சிவப்பு. டிவியில் காட்டும் புயல் சின்னம்.

"உங்க கருவிழி ரொம்ப மெலிசு. கீழ்ப்பக்கம் கூம்பு மாதிரி வெளிய தள்ளுது. கெரட்டோகோனஸ். லேசர்ங்கிறது கருவிழியைச் செதுக்குறது. உங்களுக்குச் செதுக்க ஒண்ணும் இல்ல. தொட்டா இன்னும் சரியும்."

"அப்ப எப்ப செய்யலாம் மேடம்?"

"எப்பவும் செய்யக் கூடாது."

எம்.ஏ. படித்தவன் கேட்ட கேள்வி அது.


ஜூலை 15, செவ்வாய்

காற்று குறையவில்லை. பால் திரிந்துவிட்டது. கட்டங்காப்பி.

நான் பார்க்கும் விதம்:
தெருவிளக்கு: ஒன்று, அதன் கீழே வால், வாலில் இன்னும் சில.
நிலா: கசங்கியது.
அனல் மின் நிலையப் புகைக்கூண்டுகளின் சிவப்பு விளக்குகள்: எண்ணுவதை விட்டுவிட்டேன்.
புத்தகம்: ஒவ்வொரு வரிக்குக் கீழும் அதன் ஆவி. மெய்யெழுத்தின் தலையில் இரண்டு மூன்று புள்ளிகள்.

நான் டிரெய்னியாக ஒரே ஒரு கான்ட்ராக்ட் முடித்தவன். இலக்கியம் படித்துவிட்டுக் கயிறு இழுக்க வந்தவன் என்று கப்பலில் பெயர் புரொபசர். வேலை தேடிச் சலித்த ஒரு வருடத்துக்குப் பின் போனது. பிடிக்கும் என்று நினைக்கவில்லை. பிடித்தது. கப்பல் ஓட்டும் அறையான பிரிட்ஜின் ஓரத்தில் லுக்கவுட் நிற்பது குறிப்பாக. இருட்டு, பேச்சில்லை, பார்ப்பது மட்டுமே வேலை. அந்த மாதிரி வேலை ஒன்று உலகத்தில் இருப்பது எனக்குத் தெரியாது.

கடைசி மாதம் ஒரு விளக்கை இரண்டு என்று சொன்னேன். செகண்ட் ஆபீசர் பைனாகுலரில் பார்த்துச் சிரித்தார். "ஒன்றுதான் புரொபசர். டீ குடி."

டீ குடித்தேன். தூக்கக் குறைவு என்று நினைத்தேன்.

அடுத்த கப்பல் ஆகஸ்ட் நடுவில். அதற்கு முன் மெடிக்கல். டெக் ஆளுக்குக் கண்ணாடி இல்லாமல் தெரிய வேண்டும்.


ஜூலை 17, வியாழன்

மறுபடியும் திருநெல்வேலி. அம்மாவும் வந்தாள். பஸ்ஸில் ஜன்னல் சீட்டுக்கு நான் போகக் கூடாது, தூசி விழும். சின்னப் பிள்ளை மாதிரி உள்பக்கம்.

கிளாட்வின் எழுதிக் கொடுத்த கேள்விகளை டாக்டரம்மாவிடம் கேட்டேன். கிளாட்வின் எதிர்வீடு, என்னோடு டிரெய்னிங் முடித்தவன். யூடியூபில் இரண்டு ராத்திரி படித்து இப்போது கண் நிபுணன்.

கண்ணாடி? பாதிதான் திருத்தும். வளைவு ஒழுங்காக இருந்தால்தான் கண்ணாடி முழுக்க வேலை செய்யும்.

சாஃப்ட் லென்ஸ்? கூம்பின்மேல் போட்டால் அதுவும் கூம்பாகும். ஈரத்துணி போல.

தூங்கும்போது போட்டு, காலையில் எடுத்துவிடும் லென்ஸ்? (கிளாட்வின் இதில் ரொம்ப நம்பிக்கையாக இருந்தான். பகலில் எதுவும் போட வேண்டாம், எவனுக்கும் தெரியாது என்று.) அது கருவிழியை அழுத்தி வடிவம் மாற்றுவது. பவர் கம்மியாக, கண் ஆரோக்கியமாக இருப்பவர்களுக்கு. எனக்கு அழுத்தக் கூடாது.

கண்ணுக்குள்ளே லென்ஸ் வைப்பது? கருவிழி மெலிசு, ஆனால் வடிவம் ஒழுங்கு என்றால் முதலில் இதைத்தான் சொல்லியிருப்பாராம். லேசர் முடியாத நிறைய பேருக்கு அதுதான் வழி. எனக்குக் கூம்பு நகர்ந்துகொண்டிருக்கிறது. அது நின்று, பல மாதம் அசையாமல் இருந்தால் பார்க்கலாம். அப்போதும் பவரைத்தான் குறைக்கும். ஆவிகள் போகாது.

கடின லென்ஸ், அல்லது ஸ்கிலீரல் என்ற பெரிய லென்ஸ்: நன்றாகத் தெரியும். ஆனால் அதுவும் கழற்றி மாட்டுவது.

மாற்றுக் கருவிழி: "அந்தப் பேச்சு இப்ப வேண்டாம்."

"முதல்ல C3R செய்யணும்" என்றார். மஞ்சள் சொட்டு மருந்து, மேலே ஊதா வெளிச்சம். கருவிழி இறுகும். மேலும் சரியாது.

"செஞ்சா பார்வை திரும்பிருமா மேடம்?"

"அது நிறுத்துறதுக்கு. திருப்புறதுக்கு இல்ல. நீங்க ரெண்டையும் ஒண்ணா நெனச்சுக் கேக்குறீங்க."

அம்மா இடையில்: "ராப்பகலா படிச்சுப் படிச்சுதான டாக்டரு இப்பிடி ஆச்சு?"

"படிச்சா வராதும்மா. கண்ணக் கசக்குவாரா?"

அம்மா என்னைப் பார்த்தாள். "பொறந்ததுல இருந்து அது ஒண்ணுதான் பண்ணுதான்."

ஆகஸ்ட் ஆறு, புதன். வலது கண்ணுக்குத் தேதி போட்டுக் கொடுத்தார்கள். பிறகு சில வாரம் எதுவும் தெளிவாகத் தெரியாதாம்.

வெளியே வந்து இருட்டுக்கடை அல்வா வாங்கலாமா என்று அம்மா கேட்டாள். வந்ததற்கு ஏதாவது வேண்டும் அவளுக்கு. கூட்டம். வாங்கவில்லை.


ஜூலை 19, சனி

ஏஜென்ட் அண்ணாச்சிக்குப் போன். நாசரேத்துக்காரர், சென்னையில் ஆபீஸ். எங்கள் பக்கத்துப் பையன்களை எல்லாம் ஏற்றிவிடுபவர்.

லென்ஸ் போட்டால் எனக்குச் சரியாகத் தெரியும் என்று சொன்னேன்.

"தம்பி, ஒனக்குத் தெரியுதா தெரியலியாங்கிறது எனக்கு விஷயமில்ல. இந்தக் கம்பெனியில டெக்குக்குக் கண்ணாடியும் கெடையாது, லென்ஸும் கெடையாது. லென்ஸு கடல்ல விழுந்துட்டுன்னு வையி, நீ என்ன, கையால தடவியா கப்பல் ஓட்டுவ?"

"இல்ல அண்ணாச்சி."

"ஆறாம் தேதி மெடிக்கல். அங்கன தூத்துக்குடியிலயே நம்ம டாக்டருட்ட. ஃபிட்டுன்னு பேப்பர் வந்தா பதினைஞ்சுக்கு மேல ஜாயினிங். வரலன்னா கேக்காத. இங்கன வரிசையில நிக்கானுவ."

ஆறாம் தேதி. அதே ஆறாம் தேதி.


ஜூலை 21, திங்கள்

காலையில் உப்பளம் பக்கம் நடந்தேன். உப்புக் குவியலின் வெளிச்சம் ஊசி மாதிரி இறங்கியது. பாதியில் திரும்பினேன்.

சாயங்காலம் கிளாட்வின். மக்ரூன் பொட்டலத்தோடு, பெரிய திட்டத்தோடு.

இது எங்கள் தெருவில் எல்லாருக்கும் தெரிந்ததுதான். மெடிக்கல் டாக்டரின் அறையில் உள்ள எழுத்துப் பலகை பல வருடமாக ஒன்றே. முதலில் போனவன் மனப்பாடம் செய்து வந்தான். அவன் தம்பிக்குச் சொன்னான். தம்பி மச்சினனுக்கு. கண் நன்றாக இருக்கிறவன்கூட ஒரு தைரியத்துக்கு ஓதிவிட்டுப் போவான். கோயிலில் பாடும் மன்றாட்டு மாலையின் ராகம்தான். ஒருவர் வரி சொல்ல, மற்றவர்கள் பதில்.

"நாலாவது வரி," என்றான் கிளாட்வின், கண்ணை மூடிக்கொண்டு. "ஆர், வி, கே, எஃப்."

"எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்," என்றேன்.

"அஞ்சாவது. இசட், எச், ஓ, டி, என்."

"எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்."

அடுக்களையிலிருந்து அம்மா: "சாமி காரியத்தக் கிண்டல் பண்ணாதீங்கல! நாக்கு அழுவிரும்!"

"கிண்டல் இல்ல அத்த, படிக்கோம்!"

"படிச்சவரைக்கும் போதும்!"

சிரித்தோம். நிஜமாகவே சிரித்தோம். பிறகு அவன் குரலைத் தணித்துச் சொன்னான்: "எடது கண்ணுன்னா வரியக் கடைசி எழுத்துல இருந்து பின்னால வாசிக்கச் சொல்லுவாரு. ரெண்டு பக்கமும் படிச்சிக்க. அவரு என்ன, கண்ணுக்குள்ளயா வந்து பாக்கப் போறாரு?"

"அப்புறம் கப்பல்ல?"

"கப்பல்ல ரேடார் இருக்குல."

ரேடாரில் மரப்படகு பல நேரம் விழாது. அவனுக்கும் தெரியும். மக்ரூனை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான்.


ஜூலை 26, சனி

மாதா கோயில் கொடியேற்றம். தெரு முழுக்க வெளியூர்க்காரர்கள். பஞ்சுமிட்டாய், பலூன், போலீஸ்.

காணிக்கை உருவம் விற்கும் தட்டு. வெள்ளித் தகட்டில் கை, கால், குழந்தை, வீடு, கண். அம்மா கண் எடுத்தாள்.

விற்கிறவள்: "ஜோடியாக்கா, ஒத்தையா?"

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். எது என்று என்னைக் கேட்கிறாள். கடையில் சட்டை அளவு கேட்பது போல.

"ஜோடி," என்றேன்.

உண்டியலில் போட்ட சத்தம் கேட்டது. நம்பிக்கை எனக்கு இல்லை. ஆனாலும் அந்தச் சத்தத்துக்குப் பிறகு தலையைத் தூக்கிக் கொடிமர உச்சியைப் பார்த்தேன். சோதித்துத்தான் பார்த்தேன். மூன்று கொடி.


ஆகஸ்ட் 2, சனி

எழுத வேண்டும்.

ஆஸ்பத்திரியில் லென்ஸ் பிரிவுக்கு வரச் சொல்லியிருந்தார்கள். சோதனைக்கு மட்டும். சுகன்யா என்று ஒரு பெண், என் வயதுதான் இருக்கும். ஸ்கிலீரல் லென்ஸ் சின்னக் கிண்ணம் போல இருக்கிறது. அதில் உப்புநீர் நிரப்பி, என்னைக் குனியச் சொல்லி, கீழிருந்து ஒவ்வொரு கண்ணிலும் வைத்தாள். வெள்ளைவிழியில் உட்கார்ந்துகொள்கிறது. கருவிழியைத் தொடுவதில்லை. நடுவில் நீர். கூம்பு அந்த நீருக்குள் ஒளிந்துகொள்கிறது.

"கடல்காரருக்குக் கண்ணுக்குள்ளயும் உப்புத்தண்ணி," என்றாள். "நிமிருங்க."

நிமிர்ந்தேன்.

கதவில் ஒரே ஒரு கைப்பிடி. காலண்டரில் தேதிக்குக் கீழே உள்ள சின்ன எழுத்து. அவள் அடையாள அட்டையில் ரத்தப்பிரிவு. ஒவ்வொன்றும் ஒரே ஒரு தடவை. பொருள்களுக்கு ஓரம் உண்டு என்பது மறந்துபோயிருந்தது.

சுவரில் இருந்த பலகையைக் கடைசி வரி வரைக்கும் வாசித்தேன். மனப்பாடம் இல்லாமல்.

"எப்ப எனக்குக் கெடைக்கும்?"

"இப்ப அளவெடுத்தா வீண். C3R முடிஞ்சு கண்ணு செட்டிலாகணும். அப்புறம்தான் ஆர்டர். புதன்கிழமை வர்றீங்கல்ல?"

வராந்தாவில் கொஞ்சம் நடந்துவிட்டு வரச் சொன்னாள். நடந்தேன். எதிரே வேப்பமரம். இலைகள் தனித்தனியாக. காத்திருப்பவர்களின் முகம், மூக்குத்தி, பல்லில் வெற்றிலைக்கறை. எல்லாம் வேண்டியதாக இருந்தது.

பிறகு ரப்பர் குழாய் ஒன்றை ஒட்டி இழுத்து எடுத்துவிட்டாள். வேப்பமரம் பச்சைச் சேறாகிவிட்டது.

எனக்குப் பார்வை இருக்கிறது. டெக்கில் அது செல்லாது.


ஆகஸ்ட் 4, திங்கள்

புதன். இரண்டு இடம். ஒரு ஆள்.

ஆஸ்பத்திரி: சரிவது நிற்கும். டெக் போகும்.
மெடிக்கல்: டெக் வரலாம். சரிவது தொடரும்.

யோசித்தது: அடுத்த விடுமுறையில் C3R செய்துகொள்ளலாம். அதுவரை எவ்வளவு சரியும்? யாரும் சொல்லவில்லை.

யோசிக்காமல் விட்டது: கன்னியாகுமரிக்குத் தெற்கே இரவில் ஒரே ஒரு பல்பு கட்டிக்கொண்டு நிற்கும் படகுகள். அந்த பல்பு எங்கே என்று சொல்ல வேண்டியவன் நான். அந்தப் படகில் இருப்பவன் எங்கள் தெருக்காரனாகவும் இருக்கலாம்.

மேலே எழுதியதை அடிக்க நினைத்தேன். அடிக்கவில்லை. அதனால் ஒன்றும் மாறவும் இல்லை.

ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து தேதியை மாற்றச் சொன்னேன்.


ஆகஸ்ட் 6, புதன்

மூடாக்கு. ஒரு துளி மழை இல்லை. திருவிழா முடிந்த தெருவில் காகிதம், தேங்காய் நார், நாய்கள்.

மெடிக்கல். ரத்தம், ஒன்றுக்கு, நெஞ்சு எக்ஸ்ரே, காது. எல்லாம் சரி. கடைசியில் கண். பெரியவர், நல்ல டாக்டர், மெதுவாகப் பேசுபவர்.

"எடது கண்ண மூடிக்கோங்க. நாலாவது வரியில இருந்து."

சொன்னேன். தடங்கல் இல்லாமல். நான்கு, ஐந்து, ஆறு. மனதுக்குள் ராகம் ஓடியது, அதை மட்டும் வெளியே விடாமல்.

"வலது கண்ண மூடுங்க. பின்னால இருந்து."

என், டி, ஓ, எச், இசட். எஃப், கே, வி, ஆர்.

முழுதும் கேட்டார். குறுக்கிடவே இல்லை. பேனாவை மூடி வைத்தார்.

"ரொம்ப அழகாச் சொல்லுதீங்க தம்பி. அந்தப் போர்டு போன மாசம் பைப்பு ஒழுகி சுவரு ஊறிக் கெட்டுப்போச்சு. கழட்டிப் போட்டாச்சு. இது வேற."

பக்கத்தில் நின்ற நர்ஸ் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது.

நான் பலகையைப் பார்த்தேன். அப்போதுதான் முதல் தடவை. உச்சியில் இருக்கும் பெரிய எழுத்து எனக்குக்கூடத் தெரியும். அதுவே வேறு எழுத்து. பார்த்திருந்தால் வாயைத் திறந்திருக்க மாட்டேன். ஒப்பிப்பவனுக்குப் பார்க்கத் தோன்றாது. அறைக்குள் வந்ததிலிருந்து நான் அந்தப் பக்கம் முகத்தை வைத்திருந்தேன், அவ்வளவுதான்.

"இப்ப நெசமா வாசிங்க."

பெரிய எழுத்து. அதன் கீழே இரண்டில் ஒன்று. பிறகு எல்லாம் எறும்பு.

கோபப்படவில்லை அவர். கோபப்பட்டிருக்கலாம். டார்ச் அடித்துப் பக்கவாட்டில் பார்த்துவிட்டு, "கண் டாக்டருட்ட காட்டினீங்களா?" என்றார்.

"இன்னைக்குத்தான் தேதி போட்டிருந்தாவ."

"இன்னைக்கா?"

"ஆமா."

பேனாவைத் திறந்தார். பிறகு எழுதினார். தகுதியில்லை.

வாசலில் கிளாட்வின் பைக்கோடு நின்றான். முகத்தைப் பார்த்ததும் தெரிந்துகொண்டான். அவன் போனது பழைய பலகை இருந்தபோது.

"சத்தியமா எனக்குத் தெரியாதுலே."

"தெரியும், வண்டிய எடு."

"நான் வேணா அண்ணாச்சிட்ட பேசட்டா?"

"வண்டிய எடுலே."

ராஜாஜி பூங்கா வந்தது. அங்கே அவன் ஆரம்பித்தான், பைக்கை ஓட்டிக்கொண்டே, முதுகு குலுங்க. "பின்னாலருந்து வேறயா சொன்ன? ரெண்டு பக்கமும்?" சிரிக்கிறானா அழுகிறானா தெரியவில்லை. எனக்கும்.


ஆகஸ்ட் 23, சனி

இடது கண்ணால் எழுதுகிறேன். வரி மேலே ஏறுகிறது.

வலது கண்ணுக்கு C3R புதன்கிழமை முடிந்தது. கருவிழியின் மேல்தோலைச் சுரண்டினார்கள். வலி இல்லை, சுரண்டுவது தெரிந்தது. மஞ்சள் சொட்டு, மறுபடி மஞ்சள் சொட்டு. ஊதா வெளிச்சத்தையே பார்க்கச் சொன்னார்கள். இவ்வளவு நேரம் ஒரே ஒரு விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தது கப்பலுக்குப் பிறகு இப்போதுதான்.

வலி அன்று ராத்திரி வந்தது. அதை எழுத வேண்டாம்.

இன்று டாக்டரம்மா: "நல்லாப் போயிருக்கு. இதுக்கு மேல சரியாதுன்னு நம்பலாம்."

அம்மா பஸ்ஸில் நாலு பேரிடம் சொன்னாள், மாதா கண்ணைக் காப்பாற்றினாள் என்று. ஒரு கிழவர் ஆசீர்வாதம் செய்தார். நான் கறுப்புக் கண்ணாடிக்குள்.

இதற்கு மேல் சரியாது. அதாவது இதுதான். இந்த நிலா, இந்த வால், இந்தப் புள்ளிகள். நகர்ந்துகொண்டிருந்த வரைக்கும் எங்கேயோ போய்க்கொண்டிருப்பது போல இருந்தது.

கிளாட்வின் நேற்று ஜாயின் பண்ணிவிட்டான். காண்ட்லா துறைமுகத்திலிருந்து கேங்வே, கப்பலில் ஏறும் ஏணி, படம் அனுப்பியிருக்கிறான். பெரிதாக்கிப் பார்த்தேன். பெரிதாக்கினால் ஆவிகளும் பெரிதாகின்றன.


செப்டம்பர் 2, செவ்வாய்

ஏஜென்ட் அண்ணாச்சி போன்.

"சமையல் பக்கம் ஒரு எடம் இருக்கு. மெஸ்பாய். கண்ணாடி போட்டுக்கலாம், லென்ஸு போட்டுக்கலாம், எவனும் கேக்க மாட்டான். அக்டோபரு கடைசி. வாரியா, இல்லியா?"

"டெக்குக்கு மாற முடியுமா அண்ணாச்சி, பின்னால?"

"தம்பி, தட்டு கழுவுத எடத்துல இருந்து டெக்குக்கு ஏணி கெடையாது. வாரியா?"

அம்மா பக்கத்தில் நின்றாள். தலையை ஆட்டினாள், நான் பதில் சொல்வதற்கு முன்பே.

வாரேன் என்றேன்.

இரண்டாவது கண்ணுக்கு C3R அடுத்த மாதம் முதல் வாரம். லென்ஸ் அளவு கப்பலுக்கு முன்னால் முடியுமா என்று சுகன்யாவுக்கு மெசேஜ். "சொல்ல முடியாது. கண்ணுதான் சொல்லணும்" என்று பதில், ஒரு சிரித்த முகம்.


செப்டம்பர் 4, வியாழன்

வெயில். புழுக்கம். மீன் விலை ஏறிவிட்டது என்று அம்மா.

புது வேலைக்குப் புதுப் போட்டோ வேண்டுமாம். என் பழைய பவர் கண்ணாடியைப் போடவா, கழற்றவா என்று அண்ணாச்சியைக் கேட்டேன்.

"போட்டே எடு. இனி யாருட்ட மறைக்கப் போற?"

பழைய பஸ் நிலையம் பக்கத்து ஸ்டூடியோ. ஸ்டூடியோக்காரர் மூன்று தடவை எடுத்தார். மூன்று தடவையும் திரையில் பார்த்து உச்சுக்கொட்டினார். "கண்ணாடியில லைட்டு அடிக்கி தம்பி. கண்ணே தெரியல. கழட்டுங்களேன்."

கழற்றினால் வலது கண் தானாக இடுங்கிக்கொள்கிறது. வெளிச்சம் இன்னும் தாங்கவில்லை. அப்படி ஒன்று எடுத்துப் பார்த்தார். அதுவும் ஆகவில்லை.

"ஒங்க பழைய போட்டோ ஏதாவது போன்ல இருக்கா?"

கப்பலுக்கு முதலில் போனபோது எடுத்தது இருந்தது. ஏன் என்று கேட்டேன்.

"அதுல உள்ள கண்ண எடுத்து இதுல வச்சிரலாம். ஒருத்தருக்கும் தெரியாது. எல்லாருக்கும் பண்ணுததுதான்."

அனுப்பினேன்.